காவானாவுக்கு என்ன வேலை?

ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள் துங்கானே. மொத்தம் நாற்பது நிமிடம் பதிவாகியிருந்தது. அதில் முப்பத்தெட்டு நிமிடம் சேவல். மீதி இரண்டு நிமிடம், எதிரே பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்த காவானாவின் மூச்சு.

"தம்பி, நீங்க சாஃப்ட்வேர் எழுதுறவர்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப எழுதுங்களேன். சும்மா உக்காந்திருந்தா எப்படி?"

"எழுதிட்டுத்தானே இருக்கேன்" என்று மடியில் இருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினான் அவன்.

துங்கானே எட்டிப் பார்த்தாள். பென்சிலால் ஒரு கட்டம். அதிலிருந்து ஓர் அம்பு. அம்பின் முனையில் இன்னொரு கட்டம். அதற்குள் ஒரு கேள்விக்குறி. காலை எட்டு மணியிலிருந்து அவன் செய்த வேலை அவ்வளவுதான்.

"இதை ரேடியோவுல எப்படித் தம்பி கேக்குறது?"

காவானா யோசித்தான். யோசிக்கும்போது அவன் கண்கள் அவளைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, துறைமுகத்தைத் தாண்டி, பவளப்பாறையில் அலை வெள்ளையாக உடையும் இடம் வரை போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தன.

"கேக்க முடியாதுக்கா" என்றான்.

அவாருவா ஊரின் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் துங்கானேவுக்கு இது முப்பத்தோராவது வருடம். செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு அவளுடைய 'ஒரு நாள், ஓர் ஆள்'. யாராவது ஒருவருடன் பகல் முழுக்க இருந்து, அவர் வேலையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து ஒலிபரப்புவாள். முத்து எடுப்பவர், படகுக்கு வெல்டிங் வைப்பவர், விமான நிலையத்தில் பூமாலை விற்பவர், குழி வெட்டுபவர் என்று ரரோடோங்கா தீவில் அவள் மைக்கை நீட்டாத ஆளில்லை. எல்லோரிடமும் ஏதாவது சத்தம் இருந்தது. குழி வெட்டுபவரின் மண்வெட்டிகூட நன்றாகத்தான் பேசியது.

இந்த ஆளிடம்தான் ஒன்றுமே இல்லை.

இவனைப் பிடித்துக் கொடுத்தது மேனேஜர் தாமரூவா. ஆறு மாதம் முன்பு ஆக்லாந்திலிருந்து வந்தவர். நேற்று அய்டுடாகி தீவுக்கு விமானம் ஏறும்போது படிக்கட்டில் நின்றபடியே போன் செய்தார். "நாளைக்கு ஒரு சாஃப்ட்வேர் ஆள் வர்றாரு. பேரு காவானா. நாள் முழுக்கக் கூடவே இருப்பாரு. தினசரி வேலை என்னென்னன்னு ஒண்ணு விடாம பேட்டி எடுத்தாகணும். சாதாரணமா நினைக்காத துங்கானே. நம்ம ஸ்டேஷனோட எதிர்காலமே இதுலதான் இருக்கு." அதற்குமேல் அவர் சொன்னதையெல்லாம் விமானத்தின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

எதிர்காலம் என்ற சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. முன்னறையில் போன் எடுக்கும் வாயினே போன வாரம் ஒரு செய்தி சொல்லியிருந்தாள். "அக்கா, இனிமே எல்லாத்தையும் மெஷினே ஓட்டிக்குமாம். ஸ்டூடியோவுல நாற்காலியே வேணாம்னு மேனேஜர் பேசிட்டிருந்தாரு." ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவள் துங்கானே.

ஆகவே இது பரீட்சை என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். வறட்டு ஆள் ஒருவனைக் கொடுத்து, இவள் இதையும் பாட வைக்கிறாளா பார்ப்போம் என்கிறார். பாட வைத்தே தீருவது.

"முதல்ல இந்தச் சேவலுங்களை விரட்டணும். வாயினே!"

வாயினே ஒரு ரொட்டியைப் பிய்த்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். வராந்தாவில் கூவிக்கொண்டிருந்த மூன்று சேவல்களும் அந்தப் பக்கம் ஓடின. ரொட்டி கிடைத்த மகிழ்ச்சியை அவை ஊருக்குச் சொல்ல, துறைமுகத்துச் சேவல், சந்தைச் சேவல், காவல் நிலையத்துச் சேவல் என்று பதினேழு வந்து சேர்ந்தன.

"ரொட்டி தீந்துடுச்சுக்கா. வேற போடட்டுமா?"

"ஒண்ணும் போடாத தாயே!"

துங்கானே பையைத் தோளில் மாட்டினாள். "வாங்க தம்பி, வேற இடம் போவோம். நீங்க வழக்கமா வேலை செய்ற இடத்துக்கே போயிடலாமா?"

"இன்னைக்கு நீங்க எங்க போறீங்களோ, அதுதான்க்கா நான் வேலை செய்ற இடம்."

பரவாயில்லை, மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

முரி கடற்கரையில் காற்றும் இருக்காது, சேவலும் குறைவு. தீவை வலமாகச் சுற்றும் வலச்சுற்று பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடம். அவர்கள் நிறுத்தத்துக்கு வரவும் அது கிளம்பவும் சரியாக இருந்தது. துங்கானே கையை ஆட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அன்போடு திருப்பிக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"பரவால்ல, இடச்சுற்றுல போவோம். தீவையே சுத்தணும். அதுக்குள்ள பாதிப் பேட்டி முடிஞ்சிடும்."

இடச்சுற்று பஸ் ஆடி அசைந்து வந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். அந்தக் காலை வேளையில் கடலின் நீலம் பஸ்ஸுக்குள் வந்து எல்லோர் முகத்திலும் லேசாகப் படிந்திருந்தது. துங்கானே ரெக்கார்டரை முடுக்கினாள்.

"காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"ஜன்னல் வழியா பார்ப்பேன்."

"அப்புறம்?"

"முந்தின நாள் எழுதினது ஏன் ஓடலைன்னு யோசிப்பேன்."

"யோசிச்சுக் கண்டுபிடிச்சிடுவீங்க!"

"இல்லக்கா. குளிக்கப் போயிடுவேன். குளிக்கும்போது தானா தெரிஞ்சிடும்."

"உடனே ஈரத்தோட ஓடிவந்து எழுதுவீங்க!" துங்கானேவின் குரலில் நம்பிக்கை வந்தது. ஓடுகிற காலடிச் சத்தத்தையாவது சேர்த்துக்கொள்ளலாம்.

"எழுதுவேன். அப்பவும் ஓடாது."

அவள் பெருமூச்சைத் திருப்பி விழுங்கினாள். "சரி, போன வாரம் என்ன செஞ்சீங்க? வரிசையா சொல்லுங்க."

"திங்கள்கிழமை நாற்பது வரி எழுதினேன். செவ்வாய்க்கிழமை அதுல முப்பத்தொன்பதை அழிச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க."

"எழுதினதுக்கா?"

"அழிச்சதுக்கு."

"புதன்கிழமை?"

"மீன் சந்தையில உக்காந்திருந்தேன். ஒருத்தர் சூரை மீன் எடை போட்டுட்டு இருந்தாரு. அதைப் பார்த்துட்டிருந்தேன். வியாழக்கிழமையும் அதேதான்."

"ரெண்டு நாளாவா? எடை போடறதுல பார்க்க என்ன இருக்கு?"

"ரெண்டாவது நாள்தான்க்கா புரிஞ்சது. அவர் தராசைப் பார்க்கறதே இல்ல. மீன் கொண்டுவந்தவரோட முகத்தைத்தான் பார்க்கறாரு."

"சரி. வெள்ளி?"

"வெள்ளிக்கிழமை கடலைப் பார்த்தேன்."

இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் யாரோ, அவர்களைப் பேட்டி எடுத்தால் நன்றாக இருக்கும் என்று துங்கானேவுக்குத் தோன்றியது.

அதற்குள் டிரைவர் மாரா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டார். "துங்கானேக்கா! துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன். மழை வருமா?"

அவள் தலையைச் சாய்த்து மலையைப் பார்த்தாள். "மூணு மணிக்கு மேலதான். அதுக்குள்ள எடுத்துடுங்க."

காவானாவின் பென்சில் அசைந்தது. "எப்படிக்கா சொல்றீங்க?"

"சும்மா பார்த்தா தெரியும். தம்பி, நாம என்ன பேசிட்டிருந்தோம்..."

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தாள். அண்ணனுக்கும் அவளுக்கும் ஈரப்பலா மரம் ஒன்றால் நாலு மாதமாகப் பேச்சில்லை. தப்பு தன்மேல்தான். ஆனால் நேரில் போய்ச் சொல்ல முடியாது. "பேர் சொல்ல வேணாம் துங்கானே. ஒரு பாட்டுப் போடு. அவனுக்குப் புரியணும், மத்தவங்களுக்குப் புரியக்கூடாது."

"நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல ஜோடியா ஆடினீங்களே, துடுப்புப் பாட்டு. அதைப் போடறேன். நாளைக்குக் காலையில ஏழே காலுக்கு."

"ஏன் ஏழே கால்?"

"அப்பதான் உங்கண்ணன் ஷேவ் பண்ணுவாரு. ரேடியோவை அணைக்கக் கை ஒழியாது."

அந்தப் பெண் அவள் கையை அழுத்திவிட்டுப் போனாள். காவானா எழுதிக்கொண்டே இருந்தான். "அவர் எப்ப ஷேவ் பண்றார்னு எங்க குறிச்சு வெச்சிருக்கீங்க?"

"குறிக்கறதா? அதெல்லாம் யாராவது குறிப்பாங்களா?"

"அப்ப எப்படி நினைவு வருது?"

"தம்பி, இங்க கேள்வி கேக்குறது நான்!"

காவானா வாய்விட்டுச் சிரித்தான். நல்ல நகைச்சுவை என்று நினைத்தவன் போல அதையும் எழுதிக்கொண்டான்.

முரி கரையில் கடல், கண்ணாடித் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நான்கு குட்டித் தீவுகள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தன. சேவல் இல்லை. காற்று இல்லை. துங்கானே மணலில் பாயை விரித்தாள்.

"இப்ப உங்க லேப்டாப்பை எடுத்து, பட்டனைத் தட்டுங்க. எது வேணா தட்டுங்க. எனக்குச் சத்தம் வேணும்."

"லேப்டாப்பா? அதை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேனேக்கா."

"என்னது!"

"இன்னைக்கு அது இடைஞ்சல்னு தோணுச்சு. திறந்து வெச்சா ஆளுங்க சரியாப் பேச மாட்டாங்க."

மீன் பிடிக்கிறவன் வலையை இடைஞ்சல் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்ததைப் போல இருந்தது அவளுக்கு. ஆனால் இத்தனை வருட அனுபவம் சும்மா இருக்குமா? பக்கத்துத் தேவாலயத்து ஆபீஸில் ஒரு டைப்ரைட்டர் இருப்பது நினைவுக்கு வந்தது. தட்டினால் எல்லாம் ஒன்றுதான். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

பாதிரியாரின் மனைவி மிரியாமா டைப்ரைட்டரைத் தருவதாகச் சொன்னாள். ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எடுத்துக்கோ. அதுக்கு முன்னாடி என்னைக் காப்பாத்து. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஒரே மண்டபத்தை ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துத் தொலைச்சுட்டேன். ஒண்ணு கல்யாணம். இன்னொண்ணு வில்சன் ஐயாவோட எழுபதாவது பிறந்தநாள். ரெண்டு வீட்டுலயும் விருந்துக்குப் பன்றி சொல்லியாச்சு. ரெண்டு பேரும் நகர மாட்டாங்க."

துங்கானே மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு. "சீக்கிரம் போனைக் கொடு."

வில்சன் ஐயாவை அழைத்தாள். "ஐயா, அந்தக் கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ஒரு பெரிய மனுஷர் தலைமை தாங்கினா நல்லா இருக்கும்னு ஆசை. உங்க பிறந்தநாள்னு தெரிஞ்சு, கேக்கவே தயங்குறாங்க." பிறகு கல்யாண வீட்டை அழைத்தாள். "உங்க பொண்ணு கல்யாணத்தோட சேர்த்தே தன் பிறந்தநாளையும் வெச்சுக்கணும்னு வில்சன் ஐயாவுக்கு ஆசை. கௌரவம் பார்த்துக் கேக்க மாட்டேங்கறாரு." இரண்டு பக்கமும் உருகிப்போனார்கள். பன்றி இரண்டானது அவர்களுக்கு இன்னும் பிடித்திருந்தது. மொத்தம் ஆறு நிமிடம்.

காவானா பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "ரெண்டு பேர்கிட்டயும் பொய்தானேக்கா சொன்னீங்க?"

"பொய்யா? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாச்சு. இப்ப அது நிஜம்."

அவன் நோட்டில் பெரிய கட்டம் ஒன்றைப் போட்டான். அம்பு வரைய ஆரம்பித்தான். எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் பென்சில் நடுவானில் நின்றது.

"அதெல்லாம் அப்புறம். தட்டுங்க!"

அவன் டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து தட்டினான். அருமையான சத்தம். துங்கானே கண்ணை மூடி ரசித்த மூன்றாவது நொடியில், "மெதுவா தம்பி, எங்க மாமனார் காலத்து மெஷினு!" என்று மிரியாமா அலறினாள். அவள் அடங்கியதும் பக்கத்து மண்டபத்தில் பாடகர் குழு ஒத்திகையைத் தொடங்கியது. நாற்பது பேர். ரரோடோங்காவில் நாற்பது பேர் சேர்ந்து பாடினால் கூரை ஆணி தளரும். பிறகு போட்டுக் கேட்டபோது, யாரோ மென்பொருள் எழுதுவது போலவே இல்லை. யாரையோ சொர்க்கத்துக்கு வழியனுப்புவது போல இருந்தது.

பாடியவர்கள் அவர்களைச் சாப்பிடாமல் விடவில்லை. எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை, இளநீர். சாப்பிட்டபின் சவுக்கு மரத்து நிழலில், ஒரே ஒரு நிமிடம் அடுத்த கேள்வியை யோசிக்கலாம் என்று துங்கானே மரத்தில் தலையைச் சாய்த்தாள். இன்னொரு பக்கம் காவானா முன்பே சாய்ந்திருந்தான்.

கனவில் தீவு ஓர் இசைத்தட்டாகச் சுழன்றது. இடச்சுற்று பஸ் ஊசியாகி, அதன்மேல் மெதுவாக ஊர்ந்து போனது. பஸ் போன இடமெல்லாம் யாரோ அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். நடுவில், மலை இருக்க வேண்டிய இடத்தில், பாயில் உட்கார்ந்திருந்த காவானா, "இது எப்படித் தெரியும்? இது எப்படித் தெரியும்?" என்று பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்ல அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் கடலின் சத்தம்தான் வந்தது.

முகத்தில் விழுந்த மழைத்துளி அவளை எழுப்பியது.

மணி நாலு. நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். துங்கானே பதறிப்போய்ப் பாயைப் பார்த்தாள். ரெக்கார்டர் மழையில் குளித்துக்கொண்டிருந்தது. தூக்கியபோது அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் உயிரில்லை. சேவலும் போயிற்று, டைப்ரைட்டரும் போயிற்று, சொர்க்கமும் போயிற்று.

"தம்பி! எழுந்திருங்க! நேரடி ஒலிபரப்புதான். வேற வழியில்ல!"

"நானும் வரணுமாக்கா?"

"நீங்க இல்லாம எப்படி?"

"சரிதான்" என்று தலையைத் துவட்டியபடி சொன்னான் அவன். "அதையும் பார்த்தாத்தான் நாள் முழுசாகும்."

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இருவரும் நனைந்த கோழிகளாக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். வாயினே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து காவானாவுக்குப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துங்கானேவின் குரல் நனையாத குரலாக மாறியது.

"நேயர்களே, இன்னைக்கு நம்மகூட இருக்கிறவர் காவானா. சாஃப்ட்வேர் எழுதுறவர். தம்பி, உங்க வேலையை ஒரே வரியில சொல்லுங்க."

காவானா மைக்கைப் பார்த்தான். பிறகு, ஸ்டூடியோவில் இல்லாத ஜன்னலைப் பார்த்தான்.

"ஒருத்தர் வேலை செய்றதை ரொம்ப நேரம் பார்ப்பேன். அவருக்கே தெரியாம அவர் செய்றது எதுன்னு தேடுவேன். அது கிடைச்சுட்டா எழுதிடலாம். கிடைக்கலைன்னா..."

"கிடைக்கலைன்னா?"

அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

ஐந்து நொடி. பத்து நொடி. வானொலியில் பத்து நொடி மௌனம் என்றால் ஊரில் பாதிப் பேர் பேட்டரியைத் தட்டுவார்கள். துங்கானே அவசரமாக நேயர்களின் போன் லைனைத் திறந்தாள். அன்றைய தவறுகளில் அதுதான் பெரியது.

"துங்கானே, அந்தப் பையன் யாரு மகன்?" என்றது முதல் குரல்.

"அம்மா, அவர் வேலையைப் பத்திக் கேளுங்க."

"வேலை கிடக்கட்டும். யாரு மகன்?"

காவானா தயங்கிச் சொன்னான். "எங்கம்மா பேரு நாத்துவாயினே. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே ஆக்லாந்து போயிட்டாங்க. இங்க தித்திகாவேகாங்கற ஊருன்னு சொல்வாங்க. நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. இங்க சொந்தக்காரங்க யாரையும் எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். நான்கு லைனிலும் விளக்கு எரிந்தது.

"எந்த நாத்துவாயினே? இடது கையால எழுதுவாளே, அவளா?"

"ஆமாங்க! இடது கைதான்!"

"அடப்பாவி, நான் உன் பெரியம்மாடா! ரெண்டு மாசமா இங்க இருக்கே, வீட்டுப் பக்கம் வரத் தெரியல?"

"பெரியம்மாவா..."

அடுத்த லைன். "நான் சித்தி. சந்தையில சூரை மீன் எடை போடறவரு என் வீட்டுக்காரருதான். ஒரு பைத்தியக்காரன் ரெண்டு நாளா என்னையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருக்கான்னு சொன்னாரு. அது நீயாடா?"

அடுத்த லைன். "கல்யாணம் ஆயிடுச்சா?"

அடுத்த லைன். "ஆகலைன்னா சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லு. பொண்ணுங்கள்லாம் வருவாங்க."

சாஃப்ட்வேர் என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் துங்கானே பெயர் சேர்த்தாள். "அப்படின்னா மாராவோட தாத்தாவும் இவனோட தாத்தாவும் கூடப்பிறந்தவங்க. பஸ் டிரைவர் மாரா, கேட்டுட்டிருந்தா ஒரு தடவை ஹாரன் அடிங்க." தெருவில் ஒரு ஹாரன் கேட்டது. கடைசியில் காவானாவுக்கு ஏழு பெரியம்மா சித்திகளும், ஒரு பஸ் டிரைவரும், ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு வீட்டுச் சாப்பாடும் கிடைத்திருந்தன. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வானொலியில் யாரும் கேட்டிருக்க முடியாது. நோட்டு மடியில் திறந்தே கிடந்தது. அரை மணி நேரமாக அதில் ஒரு கோடுகூட விழவில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

துங்கானே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷனின் எதிர்காலம் இருந்த பேட்டி. தினசரி வேலை, ஒன்று விடாமல். ஒன்றுகூடக் கேட்கவில்லை. பகல் முழுக்க ஓர் ஆளோடு இருந்தும் அவனுக்கு என்ன வேலை என்று அவளால் ஊருக்குச் சொல்ல முடியவில்லை. இந்த நாற்காலியின் கைப்பிடியில் இருந்த பள்ளம் அவள் முழங்கை முப்பத்தோரு வருடமாகச் செய்தது. அதைத் தடவிக்கொண்டே, மேனேஜரிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைத் தேடினாள்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. டக டக டக டக டக.

திரும்பினாள். வாயினேவின் கம்ப்யூட்டரில் காவானா உட்கார்ந்திருந்தான். விரல்கள் பறந்துகொண்டிருந்தன. நிறுத்தாமல், யோசிக்காமல், ஜன்னலைப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தான். நாள் முழுக்க அவள் தேடி அலைந்த சத்தம், மழை பெய்வது போல, தெளிவாக, தாராளமாகக் கொட்டியது. ரெக்கார்டரோ மேசையில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது.

"இதைக் காலையிலேயே செஞ்சிருக்கக் கூடாதா தம்பி!" என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள்.

அது அவனுக்குக் கேட்கவில்லை. முடித்துவிட்டு எழுந்தான். அவளைப் பார்த்து இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த ஒரு பெரியம்மா அவன் தலையில் பூமாலையைச் சூட்டி, காதைத் திருகி, பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். வலச்சுற்றாகத்தான் போனாள்.

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரை எண்ணியபடி, 'ஐயா, தப்பு என்மேலதான்' என்று தொடங்கலாமா, 'ஐயா, ரெக்கார்டர் நனைஞ்சிடுச்சு' என்று தொடங்கலாமா என்று துங்கானே யோசித்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் போன் அடித்தது. வாயினே எடுத்தாள். கேட்டாள். கேட்கக் கேட்க அவள் வாய் திறந்துகொண்டே போனது. பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஸ்டூடியோ கதவைத் தோளால் தள்ளினாள்.

"அக்கா, மேனேஜர் லைன்ல கத்துறாரு! உன் வேலையை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கறதுக்காக உன்னைப் பேட்டி எடுக்க அவர் அனுப்பின ஆளு, நாள் முழுக்க உன் பின்னாடியே சுத்தியும் நீ என்னதான் வேலை செய்றேன்னு கண்டுபிடிக்க முடியல, இதை எந்த மெஷினுக்கும் எழுத முடியாதுன்னு எழுதி அனுப்பிட்டானாம்!"